களத்தில் எத்தனை மூட்டை காய்கிறது?

கேள்வி: ஐயா, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. மூன்று வருடமாக வீட்டை ஒட்டி நான்கு அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்துகிறோம். போன மாதம் தங்க வந்த ஒருவர், "போன் கம்பெனிகள் நாம் பார்ப்பதையெல்லாம் இரண்டு வருடம் சர்க்காருக்காக எடுத்து வைக்கின்றன, உடனே வி.பி.என். போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. என் தங்கையின் குடும்பப் பிரச்சினைக்காக நான் போனில் நிறையப் பேசுகிறேன், தேடுகிறேன். அதெல்லாம் எங்கேயோ பதிவாகி இருக்குமா? வி.பி.என். போட்டால் தீர்ந்துவிடுமா? எங்கள் வைஃபையில் விருந்தினர் யாராவது ஏடாகூடமாக ஏதாவது செய்தால் எங்களுக்கு வம்பு வருமா? வீட்டுக்காரரோ, "நமக்கு மறைக்க என்ன இருக்கிறது, விடு" என்கிறார். என் பெயர் போட வேண்டாம்.
ஒரு வாசகி, ஏற்காடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பெயரைப் போடவில்லை. தங்கையைப் பற்றி எழுதியிருந்த மற்ற விவரங்களையும் எடுத்துவிட்டேன். பதில் அச்சுக்குப் போனதும் கடிதத்தையும் கிழித்துவிடுவேன்.

சேலத்தில் ஓர் இணைய சேவை நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் நெட்வொர்க் பிரிவில் இருந்தவன் நான். நீங்கள் பயப்படுகிற அந்தப் பதிவுகள் ஓடுகிற திரைக்கு முன்னால்தான் என் நாற்காலி இருந்தது. அதில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று என்னால் சொல்ல முடியும்.

விருந்தினர் சொன்னதில் இரண்டு வருடம் என்பது சரி. 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதிகளைத் திருத்தியது. அதற்கு முன் ஒரு வருடம் வைத்திருந்தால் போதும் என்றிருந்த அழைப்பு விவரங்களையும் இணைய இணைப்பு விவரங்களையும் இப்போது குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். "பார்ப்பதையெல்லாம்" என்று அவர் சொன்னதுதான் சரியில்லை.

சேலம் பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போனவர்களுக்கு அந்த நீள நோட்டு நினைவிருக்கும். பெயர், முகவரி, கேபின் எண், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து. அந்தப் பதிவேட்டை ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2011இல் விதியே வந்தது. இன்று அதே மாதிரி நோட்டு, நாம் கையெழுத்துப் போடாமலே நம் வீட்டுக்கும் எழுதப்படுகிறது. ஒரு வரி எப்படி இருக்கும் தெரியுமா? இரவு 9 மணி 14 நிமிடம் 32 நொடிக்கு, இந்த வாடிக்கையாளர், இந்தப் பொது ஐ.பி. எண், இந்த போர்ட் எண், எதிர்முனையில் இந்த ஐ.பி. எண், இவ்வளவு நேரம், இவ்வளவு டேட்டா. அவ்வளவுதான். அடுத்த வரி 9 மணி 14 நிமிடம் 33 நொடிக்கு. ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் ஓடும். போர்ட் எண் எதற்கு என்றால், இணைய முகவரிகள் பற்றாக்குறையால் ஒரே பொது ஐ.பி. எண்ணைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே கதவு எண்ணில் நூறு குடித்தனம் இருந்தால் தபால்காரர் யார் வீடு என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? அதற்காகத்தான் அந்த இரண்டாவது எண்.

நீங்கள் கூகுளில் என்ன தட்டினீர்கள் என்பது அந்த வரியில் வராது. இப்போது பெரும்பாலான தளங்கள் பூட்டுப் போட்ட இணைப்பில்தான் ஓடுகின்றன. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று கம்பெனிக்குத் தெரிய வழி இருக்கிறது, உள்ளே எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள் என்று தெரியாது. ஆனால் தளத்தின் பெயரே சில நேரம் முழுக் கதையையும் சொல்லிவிடும். கருத்தரிப்பு மருத்துவமனையின் தளத்துக்கு ஒரே வாரத்தில் ஏழு முறை போனால், உள்ளே என்ன படித்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அழைப்பு விவரமும் இப்படித்தான். பேச்சு அதில் இருக்காது. யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை நொடி, எந்த டவரிலிருந்து, எந்தக் கைபேசியிலிருந்து என்பது இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 10 மணிக்குத் தங்கையிடமிருந்து 40 நிமிட அழைப்பு. வைத்த மறு நிமிடம், உங்கள் எண்ணிலிருந்து சேலத்தில் ஒரு குடும்பநல வக்கீலுக்கு 6 நிமிடம். மதியம் ஒரு நகைக்கடன் கடைக்கு 2 நிமிடம். சாயங்காலம் உங்கள் போன் ஏற்காடு டவரை விட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரத்து டவருக்கு வருகிறது, அப்புறம் அஸ்தம்பட்டி. பேசியதில் ஒரு சொல்கூடக் கேட்காமல், உங்கள் தங்கை வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லிவிடலாம். "பேச்சைப் பதிவு செய்வதில்லை" என்று ஆறுதல் சொல்கிறவர்களிடம் இந்தச் செவ்வாய்க்கிழமையைக் காட்டுங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி. அதற்கு வி.பி.என்.னை விட அதிகம் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

மிளகு வியாபாரி மலைக்கு வரும்போது, களத்தில் எத்தனை மூட்டை காய்கிறது, உள்ளே எத்தனை மூட்டை இருக்கிறது, வங்கித் தவணை எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்றெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் அவரிடம் சொல்வாரா? சொல்லமாட்டார். அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. தெரிந்துகொண்டால் எதிரில் இருப்பவர் விலையை இறக்குவார் என்று தெரியும், அதனால் சொல்வதில்லை. யாரிடம் எதைச் சொல்வது என்பது நம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அது கையை விட்டுப் போனால் பேரமும் போய்விடும். தங்கையின் வக்கீல் யார், எப்போது பார்த்தார்கள் என்பது எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே தெரிந்தால் என்ன ஆகும் என்று அவரையே கேளுங்கள்.

இதில் என்னை ஆழமாகப் பாதித்த ஒன்றைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில், பதிவுகளைப் பார்க்கும் அனுமதி இருந்த ஒரு பையன், நண்பன் கேட்டான் என்று அந்த நண்பனின் மனைவியின் எண்ணுக்கு மூன்று மாத அழைப்பு விவரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டான். அரசு கேட்கவில்லை, போலீஸ் கேட்கவில்லை. அவனுக்கு அது ஒரு சின்ன உதவி. அந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவளுடைய அண்ணனிடம்தான் அடிக்கடி பேசியிருந்தாள். ஆனால் எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு அண்ணனுக்குப் போன் செய்தாள் என்று அவள் கணவன் கையில் ஒரு தாள் இருந்தது. அவன் அடித்த நாட்களும் அவள் அழைத்த நாட்களும் ஒன்றாகவே இருந்தன. அந்தத் தாளுக்குப் பிறகு அவள் போன் செய்வதையே நிறுத்திவிட்டாள். பையனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்தத் தாளைத் திரும்ப வாங்க யாராலும் முடியவில்லை. பதிவு என்று ஒன்று எழுதப்பட்டுவிட்டால், அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர் மட்டும்தான் படிப்பார் என்று எந்தச் சட்டத்தாலும் உறுதி கொடுக்க முடியாது. இரண்டு வருடம் என்பது நீண்ட காலம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பதிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காணாமல் போன பிள்ளையை டவர் விவரத்தை வைத்துத் தேடிப் பிடித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒருவரைச் சந்தேகித்து, உத்தரவு வாங்கி, அவர் போனை மட்டும் கேட்பதற்கு நம் நாட்டில் பழைய நடைமுறை இருக்கிறது. 1996இல் உச்ச நீதிமன்றம் அதற்குக் கட்டுப்பாடுகள் போட்டது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புக் காரணமோ இல்லாமல் சாதாரணக் குற்ற விசாரணைக்காக ஒட்டுக்கேட்க முடியாது என்று சொல்லி 2011ஆம் ஆண்டு உத்தரவு ஒன்றை ரத்து செய்தது. நோட்டு விஷயம் வேறு. அதில் சந்தேகம் எதுவும் இல்லாமலே எல்லோருடைய வரியும் எழுதப்படுகிறது. ஐரோப்பாவில் இதே மாதிரி எல்லோருக்குமாகப் பதிவு வைக்கச் சொன்ன 2006ஆம் ஆண்டு உத்தரவை அங்குள்ள நீதிமன்றம் 2014இல் செல்லாது என்றது. இங்கே 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். வழக்குப் போட்ட புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பது வயதைத் தாண்டிய பிறகு நீதிமன்றப் படியேறியவர். அந்தத் தீர்ப்பும் இந்த இரண்டு வருட விதியும் ஒரே நாட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது எனக்கு உறுத்துகிறது.

சரி, வி.பி.என்.

அது என்ன செய்கிறது என்றால், உங்கள் போனுக்கும் எங்கோ இருக்கும் ஒரு கணினிக்கும் நடுவில் மூடிய குழாய் ஒன்று போடுகிறது. உங்கள் இணைய கம்பெனியின் நோட்டில் அந்த ஒரு கணினியின் எண் மட்டும் திரும்பத் திரும்ப விழும். ஆனால் குழாயின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பவர், இதுவரை உங்கள் கம்பெனி பார்த்ததையெல்லாம் பார்ப்பார். நம்பிக்கையை ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு மாற்றுகிறீர்கள். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு, வி.பி.என். நடத்துகிறவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஐ.பி. எண், எதற்காக வாங்குகிறார் என்பது உட்பட எல்லாவற்றையும் 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. போன் கம்பெனிக்கு இரண்டு வருடம், வி.பி.என்.னுக்கு ஐந்து! அதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ் வி.பி.என்., நார்டு வி.பி.என்., சர்ஃப்ஷார்க் மாதிரி சில வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன.

இலவச வி.பி.என். வேண்டவே வேண்டாம். ஓனாவோ என்று ஒன்று இருந்தது. 2013இல் ஃபேஸ்புக் அதை வாங்கியது. பாதுகாப்பு தருகிறோம் என்று சொல்லி, மக்கள் வேறு எந்தெந்த ஆப்களை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று அதன் வழியாகவே கணக்கெடுத்தார்கள். உங்கள் தேவைக்கு, என் கணிப்பில், வி.பி.என். அவசரம் இல்லை. ஏற்காடு பேருந்து நிலையத்திலோ ஓட்டலிலோ பொது வைஃபையில் உட்கார்ந்து வங்கி வேலை பார்க்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள், உங்கள் சொந்த டேட்டாவில் செய்யுங்கள். அது போதும்.

உங்கள் தேடல்கள் முக்கியமாக எங்கே இருக்கின்றன தெரியுமா? உங்கள் கூகுள் கணக்கில்தான். அரசு சொல்லி அவர்கள் வைக்கவில்லை, நாம் விட்டுவைத்ததால் இருக்கின்றன. கூகுள் கணக்குக்குள் "என் செயல்பாடு" என்ற பகுதிக்குப் போனால், தங்கைக்காக நீங்கள் நள்ளிரவில் தேடியதெல்லாம் தேதி, நேரத்தோடு வரிசையாக இருக்கும். அதைப் பார்த்து ஒரு நிமிடம் திக்கென்று இருக்கும், பரவாயில்லை. தானாக அழிவதற்கு அங்கேயே 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று தேர்வு இருக்கிறது. 3 மாதத்தைப் போடுங்கள். மறைநிலைச் சாளரத்தில் தேடினால் வீட்டில் போனை எடுப்பவர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இணைய கம்பெனி நோட்டில் வரி விழத்தான் செய்யும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தங்கையோடு பேச வாட்ஸ்அப் பயன்படுத்துவதாக எழுதியிருந்தீர்கள். செய்தியின் உள்ளடக்கம் 2016இலிருந்து பூட்டித்தான் போகிறது. கோட்டை விடுகிற இடம் பேக்கப். கூகுள் டிரைவில் ஏறும் நகலுக்குத் தனியாகப் பூட்டுப் போட வேண்டும். அமைப்புகளில் சாட் பேக்கப்புக்குள் முழுப் பூட்டு போடும் வசதி 2021இலிருந்து இருக்கிறது. தங்கை போனிலும் போட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பூட்டிப் பயனில்லை. வக்கீல் சம்பந்தப்பட்ட பேச்சுக்கு, வாட்ஸ்அப் மாதிரியே இருக்கும் சிக்னல் என்ற ஆப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்பேன். 2016இல் அமெரிக்காவில் நீதிமன்ற ஆணையோடு அவர்களிடம் ஒரு பயனரின் விவரம் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் தவிரக் கொடுக்க எதுவும் அவர்களிடம் இல்லை. எழுதி வைக்காத நோட்டை யாரும் கேட்டு வாங்க முடியாது. அப்புறம், சாதாரண அழைப்பு செய்தால் அழைப்பு விவரத்தில் வக்கீல் எண் விழும், சிக்னலில் அழைத்தால் விழாது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, தங்கை போனின் கடவுச்சொல் அவர் கணவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்தில் தங்கைக்குத் தெரியாத கணினி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் உடனே நீக்க வேண்டாம், முதலில் படம் எடுத்து வக்கீலிடம் காட்டட்டும். நீக்கினால் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அதற்கு முன் தங்கை பத்திரமான இடத்தில் இருக்க வேண்டும்.

வைஃபைக்கு வருகிறேன். இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. விருந்தினர் எது செய்தாலும் கம்பெனி நோட்டில் உங்கள் வீட்டு எண்தான் நிற்கும், விசாரணை வந்தால் முதலில் உங்கள் கேட்டைத்தான் தட்டுவார்கள். அதனால் விருந்தினருக்குத் தனி இணைப்புக் கொடுங்கள். பெரும்பாலான ரூட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்று இருக்கும். அதை இயக்கினால் அவர்கள் போன் உங்கள் வீட்டுக் கணினியையும் கேமராவையும் எட்டாது. கடவுச்சொல்லை அறை காலியாகும்போதெல்லாம் மாற்ற முடியாவிட்டாலும், வாரம் ஒரு முறை மாற்றுங்கள். ரூட்டரின் உள்ளே போகும் கடவுச்சொல் இன்னமும் வாங்கிய அன்று இருந்ததேயானால் இன்றே மாற்றுங்கள். விருந்தினர் எந்தத் தளம் பார்க்கிறார் என்று நீங்கள் கண்காணிக்க வேண்டாம், அந்த ஆசையே வேண்டாம். எந்தத் தேதியில் யார் தங்கினார் என்ற உங்கள் பதிவேடுதான் உங்கள் பதில். போலீஸ் கேட்டால் எந்தத் தேதி, எதற்காக என்று எழுத்தில் கேட்டு, அந்தத் தேதிக்கு உரிய பக்கத்தின் நகலைக் கொடுங்கள். போனைக் கேட்டால் வக்கீலிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. தோட்ட வேலைக்கு வந்தவர்களுக்கு உங்கள் ஆதாரில் சிம் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களா? மலையில் இது சர்வசாதாரணம், நல்ல மனசில் செய்வது. ஆனால் அந்த எண்ணின் ஒவ்வொரு வரியிலும் உங்கள் பெயர்தான் இருக்கும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து ஓ.டி.பி. போட்டால் உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று காட்டும். உங்களுக்குச் சம்பந்தம் இல்லாததை அங்கேயே "என்னுடையது அல்ல" என்று குறிக்கலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நீங்களும் ஒரு நோட்டு வைத்திருக்கிறீர்கள்.

சென்ற ஆண்டு மலையில் ஒரு விடுதியில் தங்கினேன். சேர்வராயன் கோயில் திருவிழாப் படத்தைக் காட்டுகிறேன் என்று வரவேற்பில் இருந்த பெண் போனைத் திருப்பி விரலால் தள்ளினார். பிள்ளையின் பிறந்தநாள், பூ போட்ட காலை வணக்கம், ஓர் ஆதார் அட்டை, இன்னோர் ஆதார் அட்டை, மறுபடி பிள்ளை, கணவன் மனைவி இருவரின் ஆதார் ஒன்றாக, சாம்பார்ப் பொடி விளம்பரம், இன்னும் நான்கு ஆதார். என்னுடையதும் அதில் இருந்தது. அந்தப் பெண் நல்லவர். ஆனால் அந்தப் போன் தொலைந்தால்? அல்லது பழைய போனாகக் கடையில் கொடுத்து மாற்றினால்? அரசு வைத்திருக்கும் நோட்டுக்காவது உத்தரவு, விதி, பதில் சொல்ல ஓர் அதிகாரி என்று ஏதோ இருக்கிறது. இதற்கு எதுவும் இல்லை.

விருந்தினரிடம் அடையாளம் பாருங்கள், பதிவேட்டில் எழுதுங்கள், அது அவசியம். ஆதார் நகல்தான் வேண்டும் என்பதில்லை, வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ காட்டினாலும் சரி. ஆதாரே கொடுத்தால், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கேளுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், உரிமம் இல்லாத ஓட்டல்கள் ஆதார் நகல் வாங்கி வைக்கக் கூடாது என்று அறிவித்தது. இரண்டே நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றாலும் அதில் சொன்ன எச்சரிக்கை சரியானதே என்பது என் கருத்து. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன, முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. தேவை முடிந்த தரவை அழிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. போனில் இருக்கும் படம் அதற்குள் வரும்.

ஆகவே இந்த வாரம் ஒரு மதியம் ஒதுக்குங்கள். பதிவேட்டை எத்தனை வருடம் வைக்க வேண்டும் என்று ஏற்காடு காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். போன் கேலரியில் இருக்கும் விருந்தினர் ஆதார் படங்களை, பதிவேட்டில் விவரம் இருக்கிறதா என்று சரிபார்த்து ஒவ்வொன்றாக அழியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தவை அந்த உரையாடலுக்குள்ளும் இருக்கும், அங்கேயும் அழிக்க வேண்டும். கூகுள் போட்டோஸ் குப்பைத்தொட்டியில் பேக்கப் ஆன படங்கள் 60 நாள் வரை கிடக்கும், அதையும் காலி செய்யுங்கள். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் பெயரை எழுதி அனுப்பினால், கெஸ்ட் நெட்வொர்க் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்கிறேன். அதே சீட்டில் வைஃபை கடவுச்சொல்லும் அச்சிட்டிருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பிவிடாதீர்கள்.